ஆராய்ச்சியும் ஆதாரமும்

நமது கலாசாலைகளில் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி நூல் எழுதும் மாணவர்கள், அதனைச் சமர்ப்பிக்கும் தருணத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை சதவீதம் வந்தது?" என்பதே அது. பிறர் எழுத்தோடு தம் எழுத்து நூற்றுக்கு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று யந்திரம் கணக்கிட்டுச் சொல்லும் எண்ணையே அவர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த எண் பத்துக்குள் அடங்கிவிட்டால் மாணவருக்கும் நிம்மதி, வழிகாட்டும் ஆசிரியருக்கும் நிம்மதி. நூலில் காட்டிய ஆதாரங்கள் மெய்யானவைதாமா, அவற்றை எழுதியவர் கண்ணால் கண்டாரா என்று கேட்பார் மிகச் சிலரே. இந்நிலை நமது கல்விக்கு நன்மை பயப்பதன்று என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். பிறர் எழுத்தைத் திருடித் தமதாக்கிக் கொள்ளும் குற்றத்தைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டில் விதிகள் செய்தது. ஒப்புமை நூற்றுக்கு 10 வரையில் இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்கு மேற்படாத தவணைக்குள் திருத்திய பிரதியைக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டுக் காலம் திருத்திய பிரதியையும் கொடுக்க இயலாது. 60-க்கு மேற்பட்டால் பதிவே ரத்தாகும். முறைப்படி ஆதாரம் காட்டி எடுத்தாண்ட மேற்கோள்கள் இக்கணக்கில் சேரா.

விதி நல்ல விதியே. அதனை இயற்றியோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் யந்திரம் காண்பது சொற்களின் ஒற்றுமையை மட்டுமே. பிறருடைய கருத்தை எடுத்துக்கொண்டு சொற்களை மாற்றி எழுதிவிட்டால் யந்திரம் ஏமாந்துவிடும். படியாத நூலைப் படித்ததாக அடிக்குறிப்பில் காட்டினாலும் அது ஒன்றும் சொல்லாது. இல்லாத பக்கத்தை உள்ளதாகக் காட்டினாலும் வாளாவிருக்கும். திருடனைப் பிடிக்க வைத்த காவல், பொய்ச்சாட்சியைப் பிடிக்குமென்று நம்பியிருப்பது பேதைமையன்றோ?

ஆதாரம் காட்டுவது எதற்காக? இதற்குப் பிரயோஜனம் இரண்டு. முதலாவது, உழைத்தவனுக்கு உரிய கீர்த்தியைக் கொடுப்பது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவில், நூலின் உரிமையை முழுவதும் பிறருக்கு விற்றுவிட்ட பின்னரும் அதன் ஆசிரியர் தாமே என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதையை நூலாசிரியனுக்கு அளித்திருக்கிறது. இரண்டாவது பிரயோஜனம் இதனினும் பெரிது. எழுதியவன் சொல்வதை நம்பாமல் தானே சென்று பார்த்துத் தெளியும் பாத்தியதை வாசகனுக்கு உண்டு. அடிக்குறிப்பு என்பது அவனுக்குக் காட்டிய வழி. வழி தவறாயிருப்பின், அவன் போய்ச் சேரும் இடமும் தவறாகும்.

நாம் வக்கீல் தொழிலைப் பயின்றவராதலின் இதன் அருமையை நன்கு அறிவோம். முன் தீர்ப்பை எடுத்துக் காட்டும் வக்கீல், தீர்ப்புத் திரட்டின் ஆண்டையும் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நீதிபதி அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். எதிர்க்கட்சி வக்கீலும் பார்ப்பார். 2023-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். விமானக் கம்பெனி ஒன்றின் மீது தொடர்ந்த வழக்கில், வக்கீல்கள் செயற்கை நுண்ணறிவு யந்திரத்தைக் கேட்டு, அது தந்த முன் தீர்ப்புக்களை மனுவில் எடுத்துக்காட்டினார்கள். தேடிப் பார்த்தபொழுது அத்தகைய வழக்குகளே உலகில் நடந்ததில்லை என்பது வெளியாயிற்று. கோர்ட்டார் 5,000 டாலர் அபராதம் விதித்தனர். அங்கே எதிர்க்கட்சியார் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபடியால் பொய் அகப்பட்டது. நமது கலாசாலைகளில் எதிர்க்கட்சி வக்கீல் இல்லை. பரீட்சகர் பாராவிட்டால் வேறு யார் பார்ப்பார்?

"அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் மேனாட்டார் வழக்கம், நம் முன்னோர்க்கு இவை ஏது?" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தேசாபிமானத்தின் பெயரால் சோம்பலை மறைக்கும் வாதம் இது. தொல்காப்பியனார் தமக்கு முற்பட்ட ஆசிரியர்களின் கொள்கையைக் கூறுமிடத்து 'என்ப' என்று பிறர் மேல் வைத்துச் சொல்வதைப் படித்தோர் அறிவர். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூல்களை மூவகைப்படுத்தி, எது எதன் வழிப்பட்டது என்று கூறும் மரபை நன்னூல் நமக்குக் கற்பிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரோட்டிலிருந்து எழுதும் நமக்கு நம் நாட்டுச் சான்று ஒன்றே போதுமானது.

சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்குநல்லார் கொங்கு நாட்டினர் என்பது வழிவழி வந்த கொள்கை. அவரது ஊராகிய நிரம்பை பெருந்துறைப் பக்கத்தது என்பர். அவர் உரை எழுதப் புகுந்த காலத்தில் பழைய இசை நாடகத் தமிழ் இலக்கணங்கள் பல இறந்துபட்டிருந்தன. அவர் என்ன செய்தார்? தம் கருத்தே முடிந்த கருத்தென்று எழுதிச் செல்லவில்லை. இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்னும் ஐந்தையும் துணையாகக் கொண்டு உரை எழுதுவதாக முகவுரையிலேயே சொன்னார். நூலின் பெயரோடு அதனை இயற்றியவர் பெயரையும் சொன்னார். இன்று ஒரு சர்வகலாசாலை ஆராய்ச்சி மாணவரிடம் கேட்பது இதனின் வேறான ஒன்றா?

அந்த நேர்மையின் பயனைப் பாருங்கள். பல நூற்றாண்டுகள் கழிந்தன. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1892-இல் அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தை வெளியிட்டபொழுது, மறைந்துபோன நூல்களின் பெயரைத் தமிழுலகம் அறிந்தது. பிறகு கொங்கு நாட்டு வித்துவான் தெய்வசிகாமணிக் கவுண்டர் அவர்கள் முயற்சியால் பஞ்சமரபு 1970-களில் அச்சேறியது. சுவடி கைக்கு வந்தபோது அது இன்ன நூல், இன்ன பெருமையுடையது என்று அறிவதற்கு அடியார்க்குநல்லார் எழுதிவைத்த பெயரே விளக்காய் நின்றது. அவர் 'ஒரு பழைய நூலில் கண்டது' என்று எழுதிப் போயிருந்தால், அந்தச் சுவடி பெயரறியாத ஓலைக் கட்டாகக் கிடந்திருக்கும்.

இதற்கு மறுதலையையும் சொல்வோம். உச்சிமேற் புலவர்கொள் நச்சினார்க்கினியர் கல்விக் கடல். ஆயினும் அவர் தம் உரைகளில் எடுத்தாளும் செய்யுட்கள் பலவற்றுக்கு நூற்பெயர் கூறுவதில்லை. பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவில் விட்டுச் செல்வார். சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த ஐயரவர்கள், அம்மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று அறிய ஏடு ஏடாகத் தேடி அலைந்த சிரமத்தைத் தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெயரைச் சேர்த்து எழுதியிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய உழைப்பு எவ்வளவு! அந்தச் சிரமத்தை உணர்ந்ததனாற் போலும், ஐயரவர்கள் தம் பதிப்புக்களில் ஏட்டுப் பிரதிகளையும் அவற்றை உதவியோர் பெயரையும் நன்றியோடு எழுதிவைத்தார்கள்.

ஏட்டுக்குச் சொன்னது கல்லுக்கும் பொருந்தும். கரூர்ப் பக்கத்துப் புகழூர் ஆறுநாட்டார் மலைக் குகையிலுள்ள பழந்தமிழ் எழுத்துக்களை அரசாங்கக் கல்வெட்டு இலாகா முன்னமேயே படியெடுத்து, ஊரும் இடமும் குறித்து, ஆண்டறிக்கையில் எண்ணிட்டு வைத்திருந்தது. 1965-இல் ஐராவதம் மகாதேவன் அவர்கள் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, இரும்பொறை மரபைச் சேர்ந்த சேர அரசர் மூவரின் பெயர்களை அங்கே கண்டார். தந்தை, மகன், பேரன் என்ற அந்த வரிசை, சங்க நூல்கள் வெறுங் கற்பனை என்று சொல்வோர்க்குத் தக்க விடையாயிற்று. முதலிற் படித்தோர் முழுதும் படிக்கவில்லை. ஆனால் கல் எங்கே இருக்கிறது என்பதை எழுதிவைத்தார்கள். ஆகவே பின்வந்தவர் திரும்பச் சென்று திருத்த முடிந்தது. ஆதாரம் காட்டுபவன் பிழை செய்தாலும் பிழை திருத்தும் வழியைத் திறந்து வைக்கிறான்.

இனி வடிவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். சிக்காகோ சர்வகலாசாலை அச்சகம் 1906-இல் தன் விதி நூலை வெளியிட்டது. அமெரிக்க உளவியற் சங்கத்தாரின் முறை 1929-இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. அவை அந்நாட்டார்க்குத் தேவையான வசதிகள். நாம் அவற்றை அப்படியே பெயர்த்து வைத்துக்கொண்டு, அரைப்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்று மாணவரை வருத்துகிறோம். நமக்கே உரிய சிக்கல்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

மேனாட்டார் குடும்பப் பெயரை முன்வைத்து இயற்பெயரைப் பின் எழுதுவர். தமிழர்க்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. முதலெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும். சாமிநாதையர் பெயருக்கு முன் நிற்கும் இரண்டெழுத்தில் ஒன்று உத்தமதானபுரம். மற்றொன்று தந்தையார் வேங்கடசுப்பையர். அயல்முறையைக் கண்மூடிப் பின்பற்றினால், தந்தை பெயரைக் கடைசியில் எழுதும் இக்காலத்தவர் பலருடைய நூல்கள் தந்தையார் பெயரில் பட்டியலேறிவிடும்! பழைய புத்தகங்களில் ஆண்டு பிரபவ, விபவ என்று மட்டும் அச்சாகியிருக்கும். அப்பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. புறநானூற்றுச் செய்யுளுக்குப் பாட்டெண் போதும்; அதன் உரைக்கு இன்னார் பதிப்பு, இன்ன ஆண்டு, இன்ன பக்கம் என்று சொன்னாலன்றிப் பயனில்லை. இவற்றுக்கெல்லாம் தமிழில் ஒரே முறையை நமது சர்வகலாசாலைகள் கூடி வகுத்தல் வேண்டும். முடியாத காரியமன்று. சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன், லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்து, இப்பொருளில் இந்நூலில் வந்தது என்று குறுக்கக் குறிகளால் காட்டியிருக்கிறது. வழி ஏற்கெனவே போட்டாகிவிட்டது, நடப்பார்தான் வேண்டும்.

நாம் வேண்டிக்கொள்வன நான்கு. முதலாவது, மாணவர் ஒவ்வோர் ஆதாரத்துக்கும் தாம் நேரிற் கண்டதா, பிறர் நூலிலிருந்து எடுத்ததா என்பதைச் சொல்ல வேண்டும். பிறர் வழியாக அறிந்ததைச் சொல்வதில் இழிவில்லை, மறைப்பதில்தான் இழிவு. இரண்டாவது, கல்வெட்டைச் சொல்வோர் ஊர், கோயில், சுவர் அல்லது பாறை, அது அச்சான தொகுதியின் எண் ஆகியவற்றைத் தவறாது குறிக்க வேண்டும். மூன்றாவது, கிராமத்து முதியோர் வாய்மொழியாகச் சொன்ன கதையும் பாட்டும் ஆதாரமே. அவர்கள் சம்மதம் பெற்றுப் பெயரும் ஊரும் தேதியும் எழுத வேண்டும். எழுத்தறியாதவர் என்பதற்காக அவர் உழைப்பைப் பெயரில்லாததாக்குவது நியாயமன்று. நான்காவது, பரீட்சகர் ஒவ்வோர் ஆராய்ச்சி நூலிலும் பத்து மேற்கோள்களைத் தாமே பொறுக்கி எடுத்து, மூல நூலைத் திறந்து ஒத்துப்பார்க்க வேண்டும். அந்தப் பத்தின் கதியை அறிக்கையில் எழுதட்டும். ஒரு நாள் வேலை இது. யந்திரம் தரும் சதவீதத்தைக் காட்டிலும் இது நமக்கு அதிகம் சொல்லும்.

இதில் மாணவரை மட்டும் குற்றம் சொல்வது தர்மமாகாது. பள்ளிப் பருவத்தில் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பித்தவனுக்கே மார்க்குப் போட்டோம்; கலாசாலையில் எழுதிக் கொடுத்த குறிப்பைத் திருப்பி எழுதியவனையே புகழ்ந்தோம். இருபத்தைந்து வயதில் அவனை அழைத்து, 'இது யார் வாக்கு?' என்று திடீரென்று கேட்டால் அவன் திகைக்காமல் என் செய்வான்? நாங்கள் பத்திரிகைக்காரரும் தப்பமுடியாது. 'அறிஞர்கள் கூறுகின்றனர்' என்று பெயரின்றி எழுதும் வழக்கம் எங்களிடமும் உண்டு. அது களையத்தக்கதே.

தமிழின் தொன்மையைப் பேசாத மேடை இன்று இல்லை. கொங்கின் பழமையைப் பாராட்டாத ஊரும் இல்லை. அப்பெருமை மெய்யானது. கொடுமணல் மண்ணிலிருந்து கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடுகள் அதற்குச் சாட்சி. ஆனால் மெய்யான பெருமையையும் சான்றின்றிப் பேசினால் உலகம் அதனைக் கட்டுக்கதையோடு சேர்த்தே தள்ளிவிடும். நாம் இழப்பது அயலாரின் மதிப்பை மட்டுமன்று. நம் பிள்ளைகளின் நம்பிக்கையையும் இழப்போம்.

நிரம்பையூரார் ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறிய காலத்தில், எடுத்துக்கொண்டது யாரிடமிருந்து என்று சொல்ல அவரைக் கட்டாயப்படுத்திய விதியும் இல்லை, யந்திரமும் இல்லை. இருந்தும் சொன்னார். அச்சும் நூல்நிலையமும் கைக்கெட்டிய தூரத்தில் வாய்த்திருக்கும் நமது மாணவர்கள் அந்த நாணயத்தைத் தங்கள் நாணயமாகக் கொள்வார்களாக. ஆசிரியர்களும் பரீட்சகர்களும் அதற்குத் துணை நிற்பார்களாக.