கெசடியாவுக்கு மரியாதை, மாட்டுக்கறிக்கு?

கடந்த ஞாயிறன்று பம்மலில் எங்கள் வீட்டில் கெசடியா செய்தோம். மெக்சிகோ நாட்டுப் பண்டம். கல்லூரியில் படிக்கும் எங்கள் வீட்டுப் பெண் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஆசைப்பட்டாள். பெயர்தான் புதிது; வேலை நமக்குப் பழகியதே. மாட்டுக்கறியைக் கடையிலேயே கொத்துக்கறியாக வாங்கி, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் போட்டு, நன்றாக வெந்து தண்ணீர் சுண்டும்வரை வதக்க வேண்டும். ஈரம் இருந்தால் சப்பாத்தி ஊறிப் பிய்ந்துவிடும். சப்பாத்தியின் பாதியில் துருவிய சீஸையும் கறியையும் பரப்பி, மறுபாதியை மடித்து, தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் மொறுமொறுப்பாகச் சுட்டால் முடிந்தது.

கறி வதங்கத் தொடங்கியதும் அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். யாரும் சொல்லவில்லை. வாடகை வீடுகளில் கற்றுக்கொண்ட பழக்கம் அது. வாசனை வந்ததற்காகவே எங்களைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர் உண்டு. "பள்ளிக்கூடத்துல கேட்டா ஆட்டுக்கறின்னு சொல்லு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பிய வீடுகள் நம்மில் எத்தனை!

இதே கறி நகரத்து உணவகத்தில் 'பீஃப் கெசடியா' என்று மேசைக்கு வந்தால் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. படம் எடுத்துப் பகிர்கிறார்கள். அந்தப் பண்டத்துக்கு அடிப்படையான மக்காச்சோள ரொட்டி, மெக்சிகோவின் பூர்வகுடி மக்களுடையது. மாடும் பாலாடைக்கட்டியும் 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு அங்கே போனவை. அங்கேயும் அது தெருவோரத்தில் சாதாரண மக்கள் உண்ணும் உணவுதான். அப்படியானால் இங்கே அருவருப்பு கறியின் மீதா, அதைத் தின்பவரின் சாதி மீதா?

பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரம் தோல் தொழிலால் வளர்ந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. மாட்டின் தோல் செருப்பாகிக் கப்பலேறினால் அந்நியச் செலாவணி என்கிறார்கள். அதே மாட்டின் கறி நம் சட்டியில் வெந்தால் அசிங்கம் என்கிறார்கள்.

ஆம்பூரும் தோலால் வாழும் ஊர்தான். 2022 மே மாதம் அங்கே மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. அரசு நடத்தும் விருந்திலும் நம் சட்டி வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டுமா?

மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை 1948-இல் வெளிவந்த தம் நூலில் அண்ணல் அம்பேத்கர் விரிவாக ஆராய்ந்தார். மற்றவர்கள் மாட்டுக்கறியைக் கைவிட்ட பிறகும் அதை உண்டுவந்தவர்களே ஒதுக்கப்பட்டார்கள் என்பது அவர் முடிவு. ஆக, தட்டில் இருப்பதை வைத்து ஆளை அளப்பது இன்று நேற்று வந்ததல்ல.

தமிழ்நாட்டில் மாட்டுக்கறி உண்பது குற்றமல்ல. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் எந்த மாட்டை அறுக்கலாம் என்பதற்குத்தான் விதி சொல்கிறது. எதை உண்ணலாம் என்று யாருக்கும் ஆணையிடவில்லை. எல்லோரும் இதைச் சாப்பிட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பிடிக்காதவர் விலகிக்கொள்ளட்டும். சாப்பிடுகிறவரை விலக்கி வைக்காதீர்கள் என்றே கேட்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுதியிலோ வகுப்பிலோ நேற்று என்ன சாப்பாடு என்று கேட்டால், மாட்டுக்கறி என்றே சொல்லுங்கள். கெசடியா செய்தாலும் மாட்டுக்கறி கெசடியா என்றே சொல்லுங்கள். மரியாதை கிடைப்பதற்காக நம் உணவு வெளிநாட்டுப் பெயருக்குள் ஒளிய வேண்டியதில்லை.

அன்று எங்கள் வீட்டுப் பெண் தட்டோடு போய் அந்த ஜன்னலைத் திறந்துவைத்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.