குறைப்பதே முதல் கடமை
வீடுகளில் வீணாகும் உணவைக் குறைப்பதை உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் அன்றாடப் பணியாக ஏற்க வேண்டும். 2022-இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே வந்தது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை. தோல், கொட்டை உட்பட இந்திய வீடுகளுக்கு அது தரும் மதிப்பீடு, ஆண்டுக்கு ஆளுக்கு 55 கிலோ. திருமண மண்டபங்களையும் ஓட்டல்களையும் மட்டும் குறைசொல்லி இனிப் பயனில்லை. மக்கும் குப்பையைப் பிரித்து உரமாக்குவது நல்லதே. ஆனால், நெல்லுக்குப் பாய்ந்த நீரும் உழவரின் உழைப்பும் உரக்குழியிலிருந்து மீளப்போவதில்லை. கிடங்கில் கொட்டினாலோ, மிஞ்சுவது மீத்தேன். தென்கொரியா உணவுக் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணம் வசூலிக்கிறது. முன்னேற்பாடின்றி அதை இங்கு புகுத்தினால், கழிவு கால்வாய்க்குத்தான் போகும். எனவே, முதலில் அளவிட வேண்டும். ஒவ்வொரு மாநகராட்சியும் வார்டுவாரியாக உணவுக் கழிவை எடைபோட்டு, ஆண்டுதோறும் கணக்கை வெளியிடட்டும். அளவாக வாங்கவும் சமைக்கவும் வீடுகளைப் பழக்கட்டும். 2030-க்குள் உணவு விரயத்தைப் பாதியாக்குவது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. இந்தியாவும் அதை ஏற்றுள்ளது. கணக்கே இல்லாமல் அந்த இலக்கைப் பற்றிப் பேசுவது வெறும் சடங்கு.