தளிர்ப் பருவத்தில் சோதியுங்கள்

எலுமிச்சைச் சொறிநோய்க்கு மூலிகைச் சாறும் நறுமண எண்ணெயும் தீர்வாகும் என்று சொல்லும் கட்டுரைகள் இவ்விதழுக்கு நிறைய வருகின்றன. அவற்றில் பல, அகார் தட்டில் தடுப்பு வளையத்தை அளந்ததோடு நின்றுவிடுகின்றன. புளியங்குடியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் துளிர்விட்டு நிற்கும் தோப்பின் உரிமையாளருக்கு அந்த வளையம் எதையும் சொல்வதில்லை.

அவருக்கு மாற்று மருந்து உடனே வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசினையும் டெட்ராசைக்ளினையும் 9:1 விகிதத்தில் சேர்த்த கலவையைத்தான் நம் பழத்தோட்டங்கள் நெடுங்காலம் நம்பியிருந்தன. 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட வரைவு ஆணை, 2024 ஜனவரி 1 முதல் இதன் பயன்பாட்டையே நிறுத்த முன்மொழிந்தது. காசநோய்க்குக் கொடுக்கும் மருந்தைத் தோப்பில் தெளிப்பது சரியல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. தாமிர மருந்துகளை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. அர்ஜென்டினாவின் கொரியென்டெஸ் மாகாணத்தில் 1990-களிலேயே சொறிநோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவில் தாமிரத்தைத் தாங்கும் வகைகள் கண்டறியப்பட்டன.

இந்த இடத்தில் தாவரச் சேர்மங்களுக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது. ஓமத்தின் தைமால், கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால்டிஹைடு ஆகியவை பாக்டீரியாவைத் தாக்கும் விதம் ஓரளவு தெளிவாகவே தெரியும். தைமால் செல்சவ்வில் புகுந்து அதைக் குலைக்கிறது. பொட்டாசியம் கசிகிறது, ஆற்றல் உற்பத்தி நிற்கிறது. ஒரே புரதத்தைக் குறிவைக்கும் மருந்தைவிட இதற்கு எதிர்ப்புத்திறன் உருவாவது கடினம் என்று எதிர்பார்க்க நியாயமுண்டு.

சிக்கல் தோப்பில் தொடங்குகிறது. இலை பாதிக்கு மேல் விரிந்து இன்னும் முற்றாத நாட்களில்தான் சொறிநோய் எளிதில் தொற்றும். நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் வீசும் காற்றோடு மழை அடித்தால், பாக்டீரியா இலைத்துளை வழியே நீரோடு உள்ளே தள்ளப்படுகிறது. இலைத் துளைப்பான் புழு குடைந்த தடங்கள் இன்னும் அகலமான வாசல். உள்ளே போய்விட்ட கிருமியை மேற்பரப்பில் கிடக்கும் எண்ணெய் எட்டுவது அரிது. எனவே மருந்து மழைக்கு முன்பே இலைமேல் இருக்க வேண்டும், மழையிலும் தங்க வேண்டும். ஆனால் தைமால் ஆவியாகும். வெயிலில் சிதையும் சேர்மங்களும் உண்டு. செறிவைக் கூட்டினால் அதே இளந்தளிர் கருகுகிறது. கிருமியை அடக்கும் அளவுக்கும் தளிரைக் கருக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு? பயிர் நோயியலாளர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுதான். நமக்கு வரும் கட்டுரைகளில் மிக அரிதாகவே இது கேட்கப்படுகிறது.

வளையத்தையும் முழுதாக நம்ப முடியாது. நீரில் கரையாத எண்ணெய் அகாரில் சரியாகப் பரவாது. வீரியமான எண்ணெய் சிறு வளையம் காட்டும், எளிதில் பரவும் சாதாரணச் சாறு பெரிய வளையம் காட்டும். திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் கண்டு எழுதுங்கள். எண்ணெயைக் கரைக்கச் சேர்த்த ட்வீன் 80-ஐத் தனியாகவும் தெளித்து ஒப்பிடுங்கள். "பட்டை எண்ணெய்" என்று மட்டும் எழுதினால் போதாது: மரப்பட்டையில் வடித்ததில் சின்னமால்டிஹைடு மேலோங்கும், இலையில் வடித்ததில் யூஜினால். வாயு நிறப்பகுப்பாய்வு இல்லாமல் இன்னொருவர் அந்த ஆய்வைத் திரும்பச் செய்ய வழியில்லை. துளசிச் சாறு வைத்து எழுதுவோருக்கும் இது பொருந்தும்; இடத்துக்கு இடம் அதன் வேதியியல் மாறுகிறது.

வேப்பம் பிண்ணாக்குக் கரைசலை 5 சதவீத அளவில் தெளிக்கும் பரிந்துரை நம் பாடநூல்களில் பழையது. அது கிருமியை நேரடியாகத் தடுக்கிறதா, இலைத் துளைப்பானைக் குறைத்து அதன் வழியே நோயைக் குறைக்கிறதா? பிரித்தறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. புழுவைத் தனியாகக் கட்டுப்படுத்திய மரங்கள், கட்டுப்படுத்தாத மரங்கள் இரண்டிலும் கரைசலைத் தெளித்து, தெளிக்காத மரங்களோடு ஒப்பிட்டால் போதும்.

அடுத்த இதழ் முதல், தட்டுச் சோதனையோடு நிற்கும் கட்டுரைகளைக் சிறு ஆய்வுக்குறிப்பாக மட்டுமே ஏற்போம். முழுக் கட்டுரைக்கு, மழைக்காலத் துளிரில் நடத்திய தோப்புச் சோதனை வேண்டும். கவாத்து செய்து நோய்க்கிளைகளை அகற்றிய மரங்களும், தாமிரம் தெளித்த மரங்களும் ஒப்பீட்டுக்கு வேண்டும். தளிர் கருகிய அளவும் ஏக்கருக்கு ஆன செலவும் அட்டவணையில் வேண்டும். எண்ணெய் வேலை செய்யவில்லை என்று காட்டும் ஆய்வுக்கும் அதே பக்கங்கள் உண்டு. வரும் ஐப்பசித் துளிருக்குச் சோதனை அமைக்க நினைப்போர் திட்டத்தை முன்கூட்டியே அனுப்பினால், மரங்களின் எண்ணிக்கை, தெளிக்கும் நாள்கள் குறித்து எங்கள் மதிப்பீட்டாளர்கள் கருத்துச் சொல்வார்கள்.