வானத்தில் பறப்போரும் பூங்காவில் அமர்வோரும்



கோடை விடுமுறை வந்தால் சிட்னியிலுள்ள நம் குடும்பங்கள் பல ஸ்டான்வெல் பார்க் கடற்கரைக்குச் செல்வதை அறிவேன். ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் ஆலயத்துக்கு வரும் நம் இந்து உறவுகளும், வழிபாடு முடிந்ததும் அருகிலுள்ள பால்ட் ஹில் மேட்டில் நின்று கடலைப் பார்த்துச் செல்வதுண்டு. அந்த மேட்டிலிருந்து ஹேங் கிளைடரிலும் பாராகிளைடரிலும் பறப்போர், கீழே கடற்கரையை ஒட்டிய பொதுப் பூங்காவில் வந்து இறங்குகின்றனர். பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்துக்கு அருகே இப்படி இறங்குவது முறையா, தடை செய்யக் கூடாதா என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள்.

தடை வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்காகப் பறப்போர் கேட்பதையெல்லாம் கொடுத்துவிடலாம் என்றும் நான் சொல்லமாட்டேன்.

கடலிலிருந்து வீசும் தெற்கு, தென்கிழக்குக் காற்று அந்தச் செங்குத்துச் சரிவில் மோதி மேலெழுகிறது. இயந்திரமில்லாத இறக்கையைத் தாங்கி நிற்பது அந்த ஏறுகாற்றே. நாம் எந்தப் பூங்காவிலும் பாய் விரித்துச் சோறு உண்ணலாம். பறப்பவருக்கோ காற்றும் சரிவும் இறங்குவதற்குத் திறந்த வெளியும் ஒருங்கே வேண்டும். அத்தகைய இடங்கள் அரியவை. இங்கு தடை விதித்தால் அவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்ப் பறக்க முடியாது.

1893இல் அங்கே குடியேறிய லாரன்ஸ் ஹார்கிரேவ் இதே காற்றைத்தான் பயன்படுத்தினார். 1894 நவம்பர் 12 அன்று ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில் நான்கு பெட்டிப் பட்டங்களை ஒரே கயிற்றில் கோத்து, அவற்றின் கீழ் அமர்ந்து 16 அடி உயரம் எழுந்தார். தம் கண்டுபிடிப்புகளுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அவை எல்லாருக்கும் பயன்பட வேண்டும் என்று விரும்பினார். 1966இல் வந்த இருபது டாலர் தாளில் இருந்த தாடிக்காரர் இவர்தாம். மூத்தோர் சிலர் அந்தத் தாளை எண்ணியிருப்பீர்கள். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் விண் பூட்டிய பட்டம் கூவக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மனிதரை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆபத்து உண்டே என்பீர்கள். உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2290ஆம் எண்ணில், மது மயக்கத்தாலோ வேக மோகத்தாலோ சாலையிலும் கடலிலும் வானிலும் தமக்கும் பிறருக்கும் ஆபத்து விளைவிப்போர் பெருங்குற்றத்துக்கு ஆளாவதாகக் கூறுகிறது. கண்டிக்கப்படுவது பொறுப்பின்மை. முறையாகப் பயின்று, காற்றைக் கணித்து, பொருத்தமில்லாத நாளில் இறக்கையை மடித்து வைத்துவிட்டு வீடு திரும்புகிறவரிடம் நான் பொறுப்பின்மையைக் காணவில்லை. நம் பிள்ளைகளுக்கு ஆபத்து வானத்தைவிட வாகன நிறுத்துமிடத்திலேயே அதிகம் என்பது என் எண்ணம். அங்கே பின்னோக்கி வண்டி எடுப்பவர்களில் நம்மவரும் உண்டு!

என்னை உறுத்துவது வேறு. அங்கே பயணியை உடன் ஏற்றிப் பறக்கும் இருவர் பறப்பு ஒரு வணிகமாகவும் நடக்கிறது. அதில் தவறில்லை, பலருக்கு அது பிழைப்பு. ஆனால் வணிகம் வளரும்போது, இறங்கும் நேரம் என்றும் இறங்கும் பகுதி என்றும் சொல்லிச் சொல்லிப் புல்வெளி மெல்ல மெல்லக் கைம்மாறக் கூடும். அழகு மிகுந்த இடங்கள் தனியார் வசமாகி மக்கள் அணுக முடியாமல் போவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் எடுத்துக்காட்டினார். இவ்வுலகின் நலன்கள் அனைவருக்கும் உரியவை என்னும் நம் போதனை, ஒரு பூங்காவின் புற்றரைக்கும் பொருந்தும்.

1990இல் மயிலிட்டியை விட்டுப் புறப்பட்டவர்களின் உறவுகள் நம்மிடையே இருக்கிறார்கள். அத்துறைமுகப் பகுதி மக்களிடம் திரும்பியது 2017இல்தான். இராணுவ வேலியையும் விளையாட்டுத் திடலையும் நான் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. எனினும் கரை மூடப்படுவதன் வலியை அறிந்த நாம், இன்னொருவருக்குக் கரையை மூடும்படி கேட்பதற்குமுன் சற்று நிதானிக்க வேண்டும். நமக்கு அது மூடப்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ் உள்ளாட்சிச் சட்டப்படி, மாநகர சபை தன் பொது நிலத்துக்கான மேலாண்மைத் திட்ட வரைவைக் குறைந்தது 28 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கருத்துரைக்கு 42 நாட்களேனும் தர வேண்டும். பறப்புக் கழகத்தினர் அந்நாட்களைத் தவறவிடுவதில்லை. நாமோ திருப்பலி முடிந்து தேநீர்க் கோப்பையுடன் நின்று குறைப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அடுத்த வரைவு வரும்போது, இறங்கும் பகுதிக்குத் தெளிவான எல்லை, வணிகப் பறப்புகளுக்கு நாளொன்றுக்கு உச்சவரம்பு, அவர்கள் செலுத்தும் கட்டணம் அப்பூங்காவின் பராமரிப்புக்கே செலவாதல் ஆகியவற்றைக் கேட்டு நான் எழுதப் போகிறேன். பறப்பதற்குத் தடை கோரி எழுதமாட்டேன். என் கருத்தோடு உடன்படாதவர்களும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பெரியோர் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். நீங்கள் தமிழில் சொல்வதை, அது எனக்கு எதிரான கருத்தே ஆனாலும், நானே ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன்.