தாத்தாவோட ரேடியோவுக்கு பாலிஷ்: முதலீடா, செலவா?

மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுற நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு. "பரண்ல தாத்தாவோட மர ரேடியோ இருக்கு சார். புதுசு மாதிரி பாலிஷ் போட்டு வித்தா நல்ல விலை கிடைக்குமா?"

என் பதில்: விக்கிறதுக்காக பாலிஷ் போடாதீங்க. நானே அந்தக் கணக்கைப் போட்டு ஏமாந்தவன்.

எங்க வீட்டுல இருந்தது 1950-கள் காலத்து வால்வு செட். மேல் பலகையில ஒரு டம்ளர் வட்டம், ஓரமெல்லாம் கீறல். கடையில 4,500 ரூபாய் கொடுத்து பாலிஷ் போட்டேன். கண்ணாடி மாதிரி பளபளன்னு வந்தது. ஏற்கெனவே விலை சொல்லியிருந்த ஒருத்தர் வந்து பார்த்தார். "கம்பெனி பேரையே தேய்ச்சு எடுத்துட்டாங்களே சார்"னு சொல்லி, பழைய விலையில இருந்து 2,000 ரூபாய் குறைச்சிட்டார். செலவோட சேர்த்தா 6,500 ரூபாய் நஷ்டம்!

காரணம் இதுதான். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் முழுத் தேக்கு கிடையாது. பிளைவுட் மேல ஒட்டின மெல்லிய வினீர். 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. உப்புத்தாள் கொஞ்சம் அதிகமாப் போனா அடியில இருக்கிற பிளைவுட் தெரிஞ்சிடும். அப்புறம் புது வினீர்தான் ஒட்டணும். சேகரிக்கிறவங்க பணம் கொடுக்கிறது ஃபேக்டரி ஃபினிஷுக்கும், அந்தப் பேர் எழுத்துக்கும்தான். ரெண்டையும் நாமே காசு கொடுத்து அழிக்கிறோம்.

அப்போ என்ன செய்யலாம்?

விக்கிறதா இருந்தா தூசி தட்டி, நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து, அப்படியே வித்துடுங்க.

வீட்டுலயே வச்சுக்கிறதா இருந்தா, எவ்வளவு குறைவா செய்யறீங்களோ அவ்வளவு நல்லது. முதல்ல உள்ளே இருக்கிற சேஸிஸை வெளியே எடுத்துடுங்க. லேசான சோப்புத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால பெட்டியைத் துடைங்க. பாதி அழுக்கு அதுலயே போயிடும். டயல் கண்ணாடியோட உள்பக்கம் மட்டும் கை வைக்காதீங்க, ஸ்டேஷன் பேர்கள் அழிஞ்சிடும். அடுத்து, மறைவான இடத்துல பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு வைங்க. பிசுபிசுன்னு ஆனா அது அரக்கு பாலிஷ். அசையலைன்னா தின்னர் தொட்டுப் பாருங்க, அதுல இளகினா லாக்கர். எது இருக்கோ, அதே வகையில கீறலை மட்டும் சரி பண்ணி, மேல மெழுகு பூசினா போதும். பல வருஷம் சும்மா கிடந்த செட்டை மெக்கானிக் பார்க்காம பிளக்ல சொருகாதீங்க. பழைய கெப்பாசிட்டர் வெடிக்கலாம், ஷாக்கும் அடிக்கலாம்.

வரி விஷயம்? சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த ரேடியோ வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்லை. நகை, ஓவியம் மாதிரி சில பொருளுக்குத்தான் அந்த விலக்கு கிடையாது. அதனால ரேடியோவை வித்தா கேபிடல் கெயின்ஸ் வராது. ஆனா வாங்கி, பாலிஷ் போட்டு, விக்கிறதையே வழக்கமா வச்சிருந்தா அது வியாபார வருமானம், ரிட்டர்ன்ல காட்டணும்.

கடைசியா ஒண்ணு. அந்த டம்ளர் வட்டம், பாட்டி தினமும் காபி வச்ச இடமாம். அப்பா அந்த இடத்தைத் தடவிப் பார்த்துட்டுத்தான் சொன்னார். நான் ரேடியோவை விக்கலை. ஆனா அந்த வட்டம் திரும்பி வராது. உப்புத்தாளை எடுக்கிறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அதுக்கு ஃபீஸ் கிடையாது.