மீட்டுப் பார்க்காத நகல் காப்பாகாது

2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் பெங்களூரின் வெளிவட்டச் சாலையையொட்டிய தொழில்நுட்ப வளாகங்கள் வெள்ளத்தில் சிக்கின. தரைத்தளத்தில் ஒரு கணினியையும் அதன் அருகிலேயே காப்பு நகல் கொண்ட ஹார்டு டிஸ்க்கையும் வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு, அத்தகைய ஓர் இரவு போதும். மூலமும் நகலும் சேர்ந்தே அழியும்.

அதற்கு முந்தைய மாதத்தில்தான் நிறுவனங்களின் கணக்கு விதிகள் திருத்தப்பட்டன. மின்னணு முறையில் பேணப்படும் கணக்குகளின் காப்பு நகல், இந்தியாவிலுள்ள சர்வரில் நாள்தோறும் பதிவாக வேண்டும் என்பது விதி. முன்பு 'அவ்வப்போது' என்றே இருந்தது. இத்திருத்தம் வரவேற்கத்தக்கது. எனினும் நகல் எடுப்பது பாதி வேலையே. அதிலிருந்து கணக்கு மீண்டு வருமா என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிறுவனமான கிட்லேபில் பொறியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். அங்கே பலவகைக் காப்பு முறைகள் இருந்தன. ஆனால் அன்றாட நகல் முன்பிருந்தே பதிவாகவில்லை. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த நகல் ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட பதிவுகள் போயின.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் வணிகம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நின்றது. சென்னையில் மாற்று மையம் இருந்தும் வணிகம் அங்கு மாற்றப்படவில்லை. பின்னர், 2024 மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் மாற்று மையத்திலிருந்தே சிறப்பு வணிகம் நடத்திப் பார்க்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் 2023 நவம்பர் நெறிமுறையும் இதையே வலியுறுத்துகிறது: முக்கிய அமைப்புகளுக்கு ஆண்டுக்கு இருமுறையேனும் ஒத்திகை, அதில் ஒரு முழு வேலைநாளேனும் மாற்று மையத்தில் இயக்கம்.

சிறு தொழில்களுக்கு இவ்வளவு வசதி ஏது என்று கேட்கலாம். இரண்டாம் மையம் வேண்டியதில்லை. இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். எத்தனை மணி நேரப் பதிவுகளை நம்மால் மீண்டும் உள்ளிட முடியும்? எத்தனை மணி நேரம் கணக்கின்றித் தொழில் நடத்த முடியும்? பில் புத்தகம் கையிலுள்ள கடைக்கு இரவுதோறும் எடுக்கும் நகல் போதும். இணையவழி ஆர்டர் பெறும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு பரிவர்த்தனையும் உடனுக்குடன் வேறிடத்தில் பதிவாக வேண்டும்.

மூலத்தோடு இணைந்து உடனுக்குடன் மாறும் இரட்டைத் தரவுத்தளத்தை மட்டும் நம்பலாகாது. ஒன்றில் அழிந்தது மற்றொன்றிலும் நொடியில் அழியும். ஆகவே, ஒரு நகல் வேறு நகரில் இருக்கட்டும். ஒரு நகல் எந்த வலைப்பின்னலிலும் இணையாமல் இருக்கட்டும். கணினியைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பலால் அதைத் தொட இயலாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு விடுமுறை நாளில், வேறொரு கணினியில் அந்நகலை மீட்டுப் பாருங்கள். கடைசி விலைப்பட்டியல் இருக்கிறதா? சரக்கிருப்பும் வங்கி இருப்பும் ஒத்துப்போகின்றனவா? மீட்க எவ்வளவு நேரமாயிற்று? அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அது உங்களால் பொறுக்க முடிந்ததைவிட அதிகமானால், முறையை மாற்ற வேண்டும் என்பதே பொருள்.

வங்கிக் கணக்கு அறிக்கையை வங்கியிடம் மீண்டும் பெறலாம். யார் உங்களுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது உங்கள் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு விடுமுறை நாள்களை அதற்காகச் செலவிடுவது மிகையன்று என்பதே நம் கருத்து.