கையைக் குறை சொல்லாதீர்கள்

அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் வாகன உதிரிபாகம் அடித்துத் தரும் சிறு பட்டறைகளில் பவர் பிரஸ் ஒருவரின் விரலை எடுக்கும்போதெல்லாம் சொல்லப்படும் காரணம் ஒன்றே: "ஆள் கவனிக்கவில்லை." இந்தச் சமாதானத்தை அரசு இனியும் ஏற்கக் கூடாது.

தகட்டை டை என்னும் அச்சில் வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், அடித்ததை எடுக்க வேண்டும். ஷிப்டு முழுக்க இதுதான் வேலை; அதற்கு மேல் ஓவர்டைம். இத்தனை முறை உள்ளே போய்வரும் கை என்றோ ஒருமுறை பிந்தத்தான் செய்யும். பிந்தினாலும் விரல் தப்ப வேண்டும் என்பதற்குத்தான் காப்பு. பழைய பின் கிளட்ச் பிரஸ்ஸில் கிளட்ச் பிடித்துவிட்டால், மேலிருந்து இறங்கி அடிக்கும் ராம் முழுச் சுற்றையும் முடிக்காமல் நிற்காது. பாகம் தேய்ந்திருந்தால் யாரும் மிதிக்காமலே மறுபடி இறங்கும். நடுவழியில் நிறுத்த முடியாத இயந்திரத்தில் சென்சார் மாட்டியும் பயனில்லை. கை உள்ளே போகவே முடியாதபடி டையைச் சுற்றி அடைப்பதுதான் வழி. இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினால் மட்டுமே இறங்கும் பிரஸ்ஸிலும், ஒரு பொத்தானுக்குக் கட்டை முட்டுக்கொடுத்து ஓட்டுவது உண்டு. எண்ணிக்கை குறைந்தால் ஏச்சு வாங்கும் தொழிலாளியை மட்டும் அதற்குக் குற்றம் சொல்வது அநியாயம்.

ஓடும் இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான காப்பு எப்போதும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொன்னது. தொழிலாளி கவனமாக இருந்தாரா என்று அது கேட்கவில்லை. 2020-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, மின்விசையில் இயங்கும் இடத்தைத் 'தொழிற்சாலை' என்று கொள்ளத் தேவையான ஆள் எண்ணிக்கையை 10-லிருந்து 20 ஆக உயர்த்தியது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பிரஸ் பட்டறை அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. கண்காணிப்பு மிகவும் தேவைப்படும் இடமே அதுதான்.

இழப்பீட்டு அட்டவணைப்படி கட்டைவிரல் போனால் வருவாய்த் திறன் இழப்பு 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. அடுத்த பட்டறையில் கையைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பப்படும் இளைஞரின் இழப்பு எந்த அட்டவணையில் இருக்கிறது?

ஆள் எத்தனை பேர் என்று பாராமல், காப்பில்லாத பிரஸ் எதுவானாலும் தமிழக அரசு சீல் வைக்க வேண்டும். உதிரிபாகத்தில் நூலளவு பிசகு இருந்தாலும் திருப்பி அனுப்பும் வாகன நிறுவனங்கள், அது எப்படிப்பட்ட பிரஸ்ஸில் அடிக்கப்பட்டது என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் ஈஎஸ்ஐ பதிவில் ஏற வேண்டியது வேலைக்குச் சேரும் நாளில். விரல் போன மறுநாள் அல்ல.